சேர்வரின் அமைப்புகளைப் பேக்கப் எடுப்பதும் திரும்ப ஏற்றுவதும்: ஐடிராக் வழியாக ஒரு செய்முறை

புறக்கோட்டை மொத்தக் கடையானாலும் கொள்ளுப்பிட்டி கணக்காய்வு அலுவலகமானாலும், கணக்குக் கோப்புகளைப் பேக்கப் எடுக்கும் பழக்கம் இப்போது பரவலாக வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் கோப்புகளைத் தாங்கி நிற்கும் சேர்வர் எந்த முறையில் பூட் ஆகிறது, நெட்வேர்க் கார்ட் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, கரண்ட் போய் வந்தால் தானாக எழும்புமா என்ற விபரங்களை எடுத்து வைப்பவர்கள் குறைவு. மதர்போர்டை மாற்றும் அன்றுதான் அதன் அருமை தெரியும். டிஸ்க்கில் தரவு பத்திரமாக இருக்கும், சேர்வர் மட்டும் விண்டோஸை ஏற்றாமல் கறுப்புத் திரையைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இங்கே டெல் பவர்எட்ஜ் சேர்வர்களில் வரும் ஐடிராக் 9ஐ உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2017இல் வந்த 14ஆம் தலைமுறை சேர்வர்களில் (ஆர்640, ஆர்740 போன்றவை) இது அறிமுகமானது. அடுத்த இரண்டு தலைமுறைகளிலும் இதுவே தொடர்ந்தது. அமைப்புகளைக் கோப்பாக எடுப்பது மிகச் சுலபம். ஏற்றும்போதுதான் ஆபத்து இருக்கிறது. ஆகவே ஏற்றும் பகுதியை நிதானமாக வாசியுங்கள்.

ஐடிராக் என்பது என்ன?

சேர்வரின் மதர்போர்டிலேயே இருக்கும் தனிக் குட்டிக் கணினி. அதற்குத் தனியான ஐபி முகவரி உண்டு, பெரும்பாலும் தனி நெட்வேர்க் போர்ட்டும் உண்டு. சேர்வர் ஓஃப் ஆகியிருந்தாலும், வயரில் கரண்ட் இருக்கும்வரை இது விழித்தே இருக்கும். ஹெச்பிஈ சேர்வர்களில் இதே வேலையைச் செய்வது ஐலோ, லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர். வத்தளையில் இருந்துகொண்டே வெள்ளவத்தையில் இருக்கும் சேர்வரை ஓன் செய்யலாம், பயோஸ் (சேர்வரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) திரையைப் பார்க்கலாம். காலி வீதி நெரிசலில் ஒன்றரை மணிநேரம் நிற்க வேண்டியதில்லை.

உள்ளே நுழைதல்

சேர்வரின் பின்புறம் ஐடிராக் என்று குறிக்கப்பட்ட போர்ட்டில் கேபிளைச் செருகி, பிரவுசரில் அதன் ஐபி முகவரியைத் தட்டுங்கள். யாரும் மாற்றாத பழைய அமைப்பு என்றால் 192.168.0.120 ஆக இருக்கும். பயனர் பெயர் ரூட். கடவுச்சொல், வாங்கியபோது தெரிவு செய்த விதத்தைப் பொறுத்து, 'கால்வின்' என்ற பழைய பொதுச் சொல்லாகவோ சேர்வரின் முன்பக்கத்தில் இழுத்துப் பார்க்கும் சிறு அட்டையில் அச்சிட்ட சொல்லாகவோ இருக்கும். பொதுச் சொல்லாக இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள், அது உலகத்துக்கே தெரிந்த சொல்.

சான்றிதழ் பற்றி பிரவுசர் எச்சரிக்கும். ஐடிராக் தனக்குத்தானே கையெழுத்திட்ட சான்றிதழைக் காட்டுவதால் வரும் எச்சரிக்கை அது. உங்கள் உள் நெட்வேர்க்கில், சரியான முகவரியில்தான் இருக்கிறீர்கள் என்றால் தொடரலாம். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்று அலுவலக ரவுட்டரில் போர்ட் திறந்து ஐடிராக்கை இணையத்தில் விடவே கூடாது. அதற்குள் நுழைந்தவர் சேர்வரின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சமம். விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வேர்க்குக்குள் போகும் பாதுகாப்பான பாதை) வழியாக மட்டும் போங்கள்.

கோப்பாக எடுத்தல்

1. மேலே 'கான்ஃபிகரேஷன்' பட்டியில் 'சேர்வர் கான்ஃபிகரேஷன் புரொஃபைல்' என்பதைத் திறந்து, 'எக்ஸ்போர்ட்' பகுதிக்குப் போங்கள்.

2. சேமிக்கும் இடமாக 'லோக்கல்' தெரிவு செய்தால் கோப்பு உங்கள் கணினிக்கே இறங்கும். புதியவர்களுக்கு இதுதான் வசதி. நெட்வேர்க் பகிர்வுக்கும் அனுப்பலாம்.

3. கோப்பு வகை எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன். இரண்டுமே சாதாரண எழுத்துக் கோப்புகள், நோட்பேடில் திறந்து வாசிக்கலாம்.

4. எந்தப் பகுதிகள் என்று கேட்கும்: ஐடிராக், பயோஸ், நெட்வேர்க் கார்ட், ரெய்ட் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் முறை). எடுக்கும்போது எல்லாவற்றையும் எடுங்கள்.

5. எக்ஸ்போர்ட் வகையில் 'பேசிக்' என்பதை வையுங்கள்.

இந்த ஐந்தாவதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 'குளோன்', 'ரிப்ளேஸ்' என்ற மற்ற இரண்டும் ஏற்றும்போது அழிவை உண்டாக்கக்கூடிய அமைப்புகளையும் உயிர்ப்போடு சேர்த்து எழுதும். ஒன்று ஒரே மாதிரியான பல சேர்வர்களை உருவாக்க, மற்றது ஒரு சேர்வரின் இடத்தில் இன்னொன்றை வைக்க. உங்கள் தேவை அன்றாடப் பாதுகாப்பு. அதற்குப் பேசிக் போதும்.

கோப்பு இறங்கியதும் ஒருமுறை திறந்து பாருங்கள். கடவுச்சொற்கள் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறிகள்தான் இருக்கும். ஆகவே அவற்றைத் தனியாக, பாதுகாப்பான இடத்தில் குறித்து வைக்க வேண்டும். ஃபெர்ம்வெயரும் (பாகங்களுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) இந்தக் கோப்பில் வராது. இன்வென்டரி பக்கத்தில் பயோஸ், ஐடிராக், ரெய்ட் கன்ட்ரோலர் ஆகியவற்றின் பதிப்பு எண்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பதிப்பு மாறினால் சில அமைப்புகளின் பெயர்களே மாறிவிடுவதுண்டு.

கோப்புக்குச் சேர்வரின் சேர்விஸ் டேக் எண்ணையும் (டெல் ஒவ்வொரு சேர்வருக்கும் கொடுக்கும் அடையாள எண்) திகதியையும் பெயராக வைத்து, அந்தச் சேர்வருக்கு வெளியே இரண்டு இடங்களில் போட்டு வையுங்கள். ஃபெர்ம்வெயர் அப்டேட்டுக்கு முன்னும், அமைப்பு எதையாவது மாற்றிய பின்னும் புதிதாக ஒன்று எடுங்கள். பழையதை அழிக்க வேண்டாம்.

திரும்ப ஏற்றுதல்

அதே பக்கத்தில் 'இம்போர்ட்'. கோப்பைக் கொடுத்ததும் எந்தப் பகுதிகள் என்று மறுபடி கேட்கும். இங்கே எல்லாவற்றையும் ஒரேயடியாக டிக் செய்யாதீர்கள். முதலில் பயோஸ் மட்டும்.

ஷட்டவுன் வகையில் 'கிரேஸ்ஃபுல்' தெரிவு செய்தால், இயங்குதளம் ஒழுங்காக மூடும்வரை ஐடிராக் காத்திருக்கும். வழமையான காத்திருப்பு 300 விநாடி. 'ஃபோர்ஸ்ட்' என்பது வயரைப் பிடுங்குவது போல, டேட்டாபேஸ் ஓடும் சேர்வரில் தொடவே வேண்டாம். பிறகு சேர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகும், நடுவில் லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர் திரை வந்து அமைப்புகளை எழுதும். நேரம் எடுக்கும், இடையில் பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். 'மெயின்டனன்ஸ்' பட்டியில் 'ஜொப் கியூ' பக்கத்தில் வேலை முடிந்ததா, பிழையா என்று தெரியும்.

பயோஸ் சரியாகி, இயங்குதளம் எழும்பிய பிறகு நெட்வேர்க் கார்ட். கடைசியாகத்தான் ஐடிராக். கோப்பில் உள்ள ஐபி முகவரி இப்போதைய முகவரியிலிருந்து வேறாக இருந்தால், ஏற்றிய கையோடு உங்கள் இணைப்பு அறுந்துபோகலாம். பழைய சேர்வரும் அதே நெட்வேர்க்கில் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒரே முகவரிக்குச் சண்டை போடும். தூரத்திலிருந்து செய்கிறீர்கள் என்றால், அலுவலகத்தில் ஒருவர் இருக்கும் நேரமாகப் பார்த்து இதைச் செய்யுங்கள்.

ரெய்ட் பற்றித் தனியாக

ரெய்ட் பகுதியை ஏற்ற வேண்டிய தேவை அநேகமாக வராது. எந்த டிஸ்க்குகள் சேர்ந்து எந்த வொல்யூம் (சேர்வருக்கு ஒரே டிஸ்க்காகத் தெரிவது) என்ற குறிப்பு அந்த டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மதர்போர்டோ பேர்க் எனப்படும் டெல்லின் ரெய்ட் கன்ட்ரோலரோ மாறிவிட்டால், புதிய கன்ட்ரோலர் அந்த டிஸ்க்குகளைப் பார்த்து 'ஃபொரின்' அமைப்பு இருப்பதாகச் சொல்லும். அந்தச் சொல்லைக் கண்டு பதற வேண்டாம். கன்ட்ரோலரின் பட்டியில் ஃபொரின் அமைப்பை 'இம்போர்ட்' செய்தால் பழைய வொல்யூம் அப்படியே வரும். அதன் பக்கத்திலேயே 'கிளியர்' என்றும் ஒரு தெரிவு இருக்கும். அதை அழுத்தினால் அந்தக் குறிப்பே போய்விடும். ஆளில்லாத இரவில், தூக்கக் கலக்கத்தில் எடுக்கக் கூடாத முடிவு இது. கோப்பிலிருந்து ரெய்ட் பகுதியை ஏற்றுவது டிஸ்க்கில் எதுவும் இல்லாத புதிய சேர்வருக்கு மட்டும். தரவுப் பேக்கப் ஒன்று கையில் இருந்தாலும் இதே விதிதான்.

மதர்போர்ட் மாற்றும்போது இன்னொரு உதவியும் உண்டு. டெல்லின் 'ஈஸி ரிஸ்டோர்' வசதி சேர்விஸ் டேக், லைசன்ஸ், முக்கிய அமைப்புகள் ஆகியவற்றை சேர்வருக்குள் ஒரு தனி ஃபிளாஷ் நினைவகத்தில் தானாகவே வைத்திருக்கும். புதிய போர்டுடன் ஓன் செய்ததும் திருப்பி எடுக்கவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். ஆனால் அது சேர்வருக்குள்ளேயே இருப்பது. பெட்டிக்குள் தண்ணீர் போனால் அதுவும் போகும்.

சரிபார்த்தல்

எல்லாம் முடிந்ததும் மீண்டும் ஒரு எக்ஸ்போர்ட் எடுத்து, பழைய கோப்புடன் ஒப்பிடுங்கள். எழுத்துக் கோப்புகளை ஒப்பிடும் எந்த மென்பொருளும் போதும். பூட் முறை புதிய யூஈஎஃப்ஐயா பழைய பயோஸ் முறையா என்பதையும், விர்ச்சுவலைசேஷன் (ஒரே சேர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி) ஓனில் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். நேர வலயம் ஏசியா/கொழும்பு என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவேடுகளில் நேரம் குழம்பும்.

அப்புறம் ஏசி பவர் ரிகவரி, அதாவது கரண்ட் போய் வந்தால் சேர்வர் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. எங்கள் ஊரில் இதை அலட்சியம் செய்யவே முடியாது. 2022இன் நீண்ட மின்வெட்டுகளும், 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுக்க கரண்ட் போனதும் யாருக்கும் மறந்திருக்காது. 'லாஸ்ட்' என்று இருந்தால், கரண்ட் போன நேரத்தில் சேர்வர் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்குத் திரும்பும். யூபிஎஸ் மென்பொருள் முன்கூட்டியே ஒழுங்காக மூடிவிட்டிருந்தால் கடைசி நிலை 'ஓஃப்'. ஆக கரண்ட் வந்தாலும் சேர்வர் தூங்கியே கிடக்கும். திங்கட்கிழமை காலையில் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் 'ஓன்' என்று வையுங்கள். பயோஸ் இயல்பு நிலைக்குப் போய்விட்டால் இந்த அமைப்பும் சத்தமில்லாமல் மாறிவிடும் என்பதால்தான் இதைக் கையால் பார்க்கச் சொல்கிறேன்.

ஹெச்பிஈ சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு: ஐலோ 5இல் 'அட்மினிஸ்ட்ரேஷன்' பட்டியில் 'பேக்கப் அண்ட் ரிஸ்டோர்' இருக்கிறது. கோப்புக்குக் கடவுச்சொல்லும் போடலாம். ஆனால் அது ஐலோவின் சொந்த அமைப்புகளை, எடுத்த அதே சேர்வருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கானது. ஒரு சேர்வரில் எடுத்ததை இன்னொன்றில் ஏற்றப் பார்க்காதீர்கள். பயோஸ் அமைப்புகளை அங்கே ஒவ்வொரு திரையாகப் படம் பிடித்து வைத்தாலே போதுமான பாதுகாப்பு.