பெங்களூரு வார்டு தேர்தலில் விலைவாசி பேசுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலைவாசியைத் தொடாமல் பெங்களூருவில் எந்த வார்டிலும் ஓட்டுக் கேட்க முடியாது. அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் பக்கம் தமிழில் ஓட்டுக் கேட்கப் போகும் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு, ஏறிய விலை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாசலில் இறக்குவது. 2025-இல் ஜனவரியில் பஸ் கட்டணம் 15 சதவீதம் ஏறியது. பிப்ரவரியில் மெட்ரோ, ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய், அதே மாதம் காவேரித் தண்ணீர். இதில் ஒன்றைக்கூட கார்ப்பரேட்டரால், அதாவது வார்டு கவுன்சிலரால், குறைக்க முடியாது. பஸ்ஸும் பாலும் மாநில அரசு விவகாரம், தண்ணீர் வாட்டர் போர்டு கையில், மெட்ரோவுக்குத் தனிக் கட்டணக் குழு. “நாங்க வந்தா பால் விலையைக் குறைப்போம்” என்று சொல்லிவிட்டு வந்தால், ஜெயித்த பிறகு அந்த வீட்டு அக்கா கேட்கும்போது பதில் இருக்காது.

சரி, எதைத்தான் பேசுவது? மாநகராட்சி செய்யக்கூடியதை. மலிவு விலையில் சாப்பாடு போடும் இந்திரா கேன்டீனைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 2017 ஆகஸ்டில் தொடங்கியபோது காலை டிபன் 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய். விடிந்ததும் சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஓடுகிறவர்களுக்கு விலைவாசியிலிருந்து இவ்வளவு நேராகக் கிடைக்கும் நிவாரணம் வேறு இல்லை. பிரசாரத்துக்கு முன் உங்கள் வார்டு கேன்டீன் வரிசையில் ஒரு நாள் காலை போய் நில்லுங்கள். இட்லி எத்தனை மணிக்குத் தீர்கிறது? ராத்திரி சாப்பாடு உண்டா? கை கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா? சாப்பாடு கிடைக்காமல் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்? இதை எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள், ஜனங்கள் நின்று கேட்பார்கள்.

குப்பைக் கட்டணமும் அப்படித்தான். 2025 ஏப்ரலிலிருந்து அதைக் கந்தாயத்தோடு (சொத்து வரி) சேர்த்து வாங்குகிறார்கள். 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு மாதம் 10 ரூபாய், கட்டடம் பெரிதாக ஆகக் கூடிக்கொண்டே போய் 400 வரை. வாடகைக்காரருக்கு இதில் என்ன சம்பந்தம் என்று அவர் வீட்டைத் தாண்டிப் போவது தவறு. ஓனர் அதை வாடகையிலோ மெயின்டெனன்ஸிலோ சேர்த்துவிட முடியும். காசு கொடுத்தும் குப்பை வண்டி தினமும் வருகிறதா என்று அந்த வீட்டில் கேளுங்கள்.

குக்கர், சேலை, பணக் கவர் கொடுப்பது லஞ்சம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை உண்டு. கொடுத்த காசை ஜெயித்தவர் டெண்டரில்தான் எடுப்பார்.

“நம்ம தமிழாளு” என்று மட்டும் சொல்லி ஓட்டுக் கேட்காதீர்கள். அதே சந்தில் கன்னடக்காரரும் உருது பேசுகிறவரும் இருக்கிறார்கள். சிலிண்டர் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். நோட்டீஸைக் கன்னடத்திலும் அச்சடியுங்கள்.

அப்புறம், பழைய தெருப் பட்டியலை நம்பிக் கிளம்பாதீர்கள். 2015 தேர்தலில் இருந்தது 198 வார்டு. 2025 செப்டம்பரில் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள், பிறகு வார்டுகளை 369 ஆக்கினார்கள். எதிர்வீடே வேறு வார்டாக இருக்கலாம். லீஸ் முடிந்து வீடு மாறியவர்கள் பலருக்குப் பழைய விலாசத்தில்தான் ஓட்டு இருக்கும். வாக்காளர் பட்டியலில் விலாசம் மாற்ற அவர்களுக்குப் படிவம் 8, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படிவம் 6. கடைசித் தேதிக்கு முன்பே வீடு வீடாகப் போய் நிரப்பிக் கொடுங்கள். ஓட்டுக் கேட்பது அதற்கு அப்புறம்.