மண்டல விதியைத் திருத்தும்போது எண்களை விட்டுவிடாதீர்கள்

மண்டல விதிக்கு இரண்டு பாகம். எந்த நிலம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதற்கு வரைபடம். அங்கே எதை, எவ்வளவு கட்டலாம் என்பதற்கு விதித்தொகுப்பு. எதில் கை வைக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஒரே ஒரு மனையின் மண்டலத்தை மட்டும் மாற்றினால், ஒருவருக்குச் சலுகை காட்டியதாக வழக்கு வரலாம்.

பிறகு மாஸ்டர் பிளானோடு, அதாவது ஊரின் நீண்டகால வளர்ச்சித் திட்டத்தோடு, ஒப்பிடுங்கள். முரண்பட்டால் முதலில் பிளானைத்தான் திருத்த வேண்டும்.

வரைவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘மூன்று வீடுகள் கட்டலாம்’ என்று ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்துவிடாது. உதாரணமாக, மனை 12 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம்; ஆக 360 சதுர மீட்டர். எஃப்.எஸ்.ஐ. (மனையின் பரப்பில் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 0.5 என்றே இருந்தால் மொத்தம் 180 சதுர மீட்டர்தான் கட்ட முடியும். படிக்கட்டு, சுவர் போக ஒரு வீட்டுக்கு 50 தேறினாலே பெரிது. வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்தம் வேண்டுமென்ற பழைய விதியும் இருந்தால் ஆறு கார், ஒன்றுக்கு 2.5 மீட்டர் அகலம் வைத்தாலும், பக்கத்தில் பக்கமாக நிறுத்த 15 மீட்டர் வேண்டும். மனையின் அகலமே 12! ஆகவே எஃப்.எஸ்.ஐ., உயரம், பக்க இடைவெளி, கார் நிறுத்தம் நான்கையும் ஒரு மாதிரி மனையில் வரைந்து பார்த்த பிறகே வரைவை வெளியிடுங்கள்.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் 2020 முதல் தனிவீட்டு மனைகளில் மூன்று வீடுகள் வரை அனுமதித்தது. கட்டடத்தின் பருமனுக்கான வரம்பு அங்கே பெரிதாகத் தளரவில்லை. மூன்று வீட்டுக் கட்டடங்களும் சொற்பமாகவே எழுந்தன. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-இல் அடர்த்தியையும் உயரத்தையும் பரவலாகத் தளர்த்தியது. கட்டட அனுமதிகள் பெருகின.

வரைவுக்கான பொது அறிவிப்பில் சர்வே எண், எல்லை, கூட்டத்தின் தேதி, இடம் எல்லாம் பிழையில்லாமல் இருக்கட்டும். வாக்கெடுப்பில் வென்ற திருத்தம்கூட அறிவிப்புக் குறையால் ரத்தாகலாம். ஆட்சேபணைகளைக் கேட்டபின் வரைவைக் கணிசமாக மாற்றினால் மறுபடி அறிவிப்பு, மறுபடி விசாரணை. அலுப்பான வேலைதான், தவிர்க்க வழியில்லை. சுற்றுச்சூழல் ஆய்வையும் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஆய்வு இல்லாத காரணத்தால் மினியாபொலிஸ் திட்டத்தையே 2022-இல் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

திட்டக் குழுவின் பரிந்துரை, மன்றத் தீர்மானம், அரசிதழ் எல்லாம் அதன் பிறகு. தீர்மானத்தில் இடைக்காலப் பிரிவு கட்டாயம் இருக்க வேண்டும்: ஏற்கெனவே உள்ள கட்டடங்கள் தொடரலாமா, நிலுவையிலுள்ள விண்ணப்பங்களுக்குப் பழைய விதியா புதியதா என்று. வரம்பு இறுகப் போகிறது என்ற செய்தி கசிந்தாலே பழைய விதியில் அனுமதி வாங்கக் கூட்டம் முண்டியடிக்கும்.