ஓவியத்தைப் படியெடுக்க ஸ்கேனரா, கேமராவா?

ஓவியத்தைப் படியெடுத்து அச்சிட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் (பத்து லட்சம் பிக்சல்), எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்பதைத்தான். என் அனுபவத்தில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. மேற்பரப்பு தட்டையா மேடுபள்ளமா, மங்கலா பளபளப்பா, தொட்டால் உதிருமா ஒட்டுமா என்று பார்த்துவிட்டால் எந்தக் கருவி என்பது பாதிக்கு மேல் முடிவாகிவிடும்.

இருந்தாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508, அதாவது ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல் கிடைக்கும்; 600 டிபிஐயில் அது மூன்றரைக் கோடியை நெருங்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஏ3 ஓவியத்தைச் சட்டகம் நிறைய எடுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 340 பிக்சல் வரும். அதே அளவில் அச்சிட இது தாராளம். ஆகவே பிக்சல் பற்றாக்குறை என்று எந்தக் கருவியையும் ஒதுக்க வேண்டியதில்லை.

ஏ4 அளவுக்குள் அடங்கும் கோட்டோவியம், பென்சில் ஓவியம், தட்டையான தாளில் தீட்டிய நீர்வண்ணம் ஆகியவற்றுக்கு ஸ்கேனரே போதும். வெளிச்சம் சீராக விழும், கோணல் வராது, விளக்கு வாங்கும் செலவும் இல்லை. ஆனால் மெல்லிய, எடை குறைந்த ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் எனப்படும், கண்ணாடியை ஒட்டி இருப்பதை மட்டும் தெளிவாகப் பதியும் உணரியே இருக்கும். தாள் கண்ணாடியிலிருந்து சற்றே எழும்பினாலும் அந்த இடம் மங்கிவிடும். நீர்வண்ணத் தாள் ஈரத்தில் நெளிவது இயல்பு என்பதால், சற்று எழும்பிய தாளையும் தெளிவாகப் பதியும் சிசிடி உணரி உள்ள, சற்றுப் பருத்த ஸ்கேனரையே பரிந்துரைப்பேன். அது கைவசம் இல்லையென்றால், நன்கு உலர்ந்த ஓவியத்தை இரண்டு சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஓரிரவு விட்டுவிட்டு ஸ்கேன் செய்யலாம்.

ஸ்கேனர் மென்பொருள் தானாகச் செய்யும் திருத்தங்கள் அனைத்தையும் முதலில் அணைத்துவிட வேண்டும். தாளை வெள்ளையாக்கிக் காட்டும் ஆர்வத்தில் அது வானத்துக்குப் பூசிய இளநீலத்தையும் கழுவிவிடும். ஓவியர் மூன்று முறை நீர்த்துப் பூசிய அந்த மெல்லிய படலம் கோப்பில் வெற்றுத் தாளாகவே வந்து நிற்கும். ஏ3 ஓவியத்தை ஏ4 ஸ்கேனரில் இரண்டு பாதிகளாக எடுப்பதாக இருந்தால் இரண்டையும் ஒரே அமைப்பில், ஒரே திசையில் வைத்து, நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்து இணைக்கலாம். நான்கு துண்டு என்றாகிவிட்டால் அந்தப் பொறுமையைக் கேமராவுக்குக் கொடுப்பதே மேல்.

கரித்துண்டு, பாஸ்டல் (உதிரும் வண்ணக்கட்டி) ஓவியங்களைக் கண்ணாடியில் கவிழ்க்கவே கூடாது. ஒருமுறை கரியால் வரைந்த உருவப்படத்தை அப்படி வைத்து எடுத்தபின், கண்ணாடியில் அதே முகம் இடவலம் மாறி மெலிதாகப் பதிந்திருந்தது. அவ்வளவு கரியும் ஓவியத்திலிருந்து போனதுதான். எண்ணெய் வண்ணம் மேலே உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே உலரப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால் அதற்கும் கேமராவே பாதுகாப்பு.

கேமராவில் எடுக்கும்போது முக்காலி கட்டாயம். 50 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ், எஃப்8 துளை (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்), ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப்பதிவு), இரண்டு விநாடி டைமர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகையான இரண்டு விளக்குகளை ஓவியத்தின் இருபுறமும் 45 பாகைக் கோணத்தில், சம தூரத்தில் நிறுத்தி, அறையின் மற்ற விளக்குகளை அணைத்து, சன்னலையும் மூடிவிட வேண்டும். கேமரா ஓவியத்துக்கு நேராக இருக்கிறதா என்பதைக் கண்மதிப்பில் நம்பாதீர்கள். ஓவியத்தின் நடுவே முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைத் தட்டையாகப் பிடித்துத் திரையில் பாருங்கள். அந்தக் கண்ணாடியில் தெரியும் லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழுந்தால் கோணம் சரி. பிறகு சாம்பல்நிற அட்டையை அதே இடத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் நிறச் சமநிலையை அதைக்கொண்டு திருத்தலாம்.

இரண்டு கருவிகளையும் திணறடிப்பது தஞ்சாவூர் ஓவியம். சுண்ணப்பொடிக் குழம்பால் மேடுகட்டி, கற்கள் பதித்து, தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிய பரப்பை ஸ்கேனரில் வைத்தால் கற்கள் கண்ணாடியைக் கீறும். ரேக்கோ சேற்றுப் பழுப்பாக வரும். காரணம் எளிது: தங்கம் ஏறக்குறைய ஒரு கண்ணாடி, எதிரே இருப்பதைத்தான் அது காட்டும். இருபுற விளக்குகள் மட்டும் இருக்கையில் அதன் எதிரே இருப்பது இருண்ட அறை. எனவே வெள்ளைத் தெர்மாகோல் பலகையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டையிட்டுக் கேமராவுக்கு முன்னே நிறுத்தி, அதன்மீதும் வெளிச்சம் படச் செய்தால் ரேக்கு பொன்னிறமாக எழும்பும். எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பை அடக்க விளக்கிலும் லென்ஸிலும் போடும் போலரைசரை (பிரதிபலிப்பை வடிகட்டும் கண்ணாடி) இங்கே போட்டால் தங்கம் செத்துவிடும்.

நான் முக்காலியை அசைக்காமல் இரண்டு படங்கள் எடுப்பேன்: பலகை இல்லாமல் வண்ணங்களுக்கு ஒன்று, பலகையோடு ரேக்குக்கு ஒன்று. இரண்டையும் மென்பொருளில் அடுக்கி, ரேக்குப் பகுதியை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொள்வேன். அதிலும் மேடுகளின் ஓரத்தில் சிறிது இருட்டை விட்டுவைக்க வேண்டும். அச்சு மை மின்னாது என்பதால், அந்த இருட்டும் பக்கத்து வெளிச்சமும் சேர்ந்துதான் அதைத் தங்கம் என்று கண்ணுக்குக் காட்டும்.