கால்பந்து நடுவர் பாடம்: பாதியை முடிக்கும் விசிலை எப்போது ஊதுவது?

"நாலு நிமிஷம்னு போர்டு காட்டினாங்க, நாலரை ஆகுது, இன்னும் ஏன் விசில் ஊதலை?" கால்பந்து பார்க்கிற யாரும் ஒருமுறையாவது இப்படிக் கத்தியிருப்பார்கள். பார்வையாளராக இருக்கும்வரை நடுவரைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். விசில் உங்கள் கைக்கு வந்துவிட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். முதல்முறையாக நடுவராக நிற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: இரண்டு கடிகாரம்

கால்பந்தில் பந்து வெளியே போனாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். பெரியவர்கள் ஆட்டத்தில் பாதிக்கு 45 நிமிடம். ஒரு கைக்கடிகாரத்தை ஆட்டம் தொடங்கும்போது ஓடவிட்டு, பாதி முடியும்வரை தொடவே தொடாதீர்கள். இன்னொன்று வீணாகும் நேரத்தை அளக்க. ஆட்டம் தடைபட்டால் ஓடவிடுங்கள், மறுபடி தொடங்கியதும் நிறுத்துங்கள். கடைசியில் அதில் நிற்கும் எண்தான் நீங்கள் கூட்டித்தர வேண்டிய நேரம்.

சிலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: ஆட்டம் நிற்கும்போது நிறுத்தி, தொடங்கும்போது ஓடவிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஒருமுறை அடிபட்டவரை வெளியே அனுப்பிய அவசரத்தில் மறுபடி ஓடவிட மறந்துவிட்டேன், அந்தப் பாதியின் கணக்கே போயிற்று. நான் முதலில் சொன்னபடி செய்தால், ஓடவிட மறந்தாலும் ஒரு தடையின் கணக்கு மட்டும்தான் போகும்.

படி 2: எதை எண்ணுவது

த்ரோ, கோல் கிக் எல்லாம் ஆட்டத்தின் இயல்பான பகுதி, அவற்றை எண்ண வேண்டாம். ஆள் மாற்றுவது, அடிபட்டவரைப் பார்ப்பது, கார்டு காட்டுவது, வேண்டுமென்றே இழுத்தடிப்பது, கோல் கொண்டாட்டம், வீடியோ நடுவர் (பதிவைத் திரும்பப் பார்த்து உதவுபவர்) பரிசீலனை, இவையெல்லாம் கணக்கில் வரும். தண்ணீர் இடைவேளையும் அப்படித்தான். அது ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கடும் வெயிலில் தரும் குளிர்விப்பு இடைவேளை ஒன்றரையிலிருந்து மூன்று நிமிடம்வரை போகலாம்.

ஆள் மாற்றினால் 30 விநாடி என்று குத்துமதிப்பாகப் போடும் பழக்கம் பல காலமாக உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உள்ளபடியே அளந்தால் எவ்வளவு வரும் என்பதை 2022 கத்தார் உலகக் கோப்பையில் எல்லோரும் பார்த்தோம். இங்கிலாந்து, ஈரான் ஆட்டத்தில் இரண்டு பாதிக்கும் சேர்த்துக் கூட்டிய நேரம் சுமார் 27 நிமிடம். ஈரான் கோல்கீப்பருக்குத் தலையில் அடிபட்டதால் முதல் பாதியில் மட்டும் 14 நிமிடம். இரண்டாம் பாதியில் ஈரானின் தாரேமி பெனால்டியில் கோல் அடித்தபோது 90-க்கு மேல் 13-வது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

படி 3: எண்ணைச் சொல்வது

பாதியின் கடைசி நிமிடம் முடியும்போது மைதானத்துக்கு வெளியே நிற்கும் நான்காவது நடுவர், கூட்டிய நேரத்தைக் காட்டும் போர்டைத் தூக்குவார். எண்ணை முடிவு செய்வது நீங்கள். நான்காவது நடுவர் இல்லாத ஆட்டமென்றால் இரு கேப்டன்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள்.

அந்த எண் குறைந்தபட்சம்தான். போர்டு 4 என்றால் நான்கு நிமிடம் முழுதாக ஆட வேண்டும், அதற்கு மேலும் போகலாம். அந்த நான்குக்குள் யாராவது விழுந்து புரண்டால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். அறிவித்ததைக் குறைக்க மட்டும் கூடாது. முதல் பாதியில் கணக்குத் தவறியிருந்தால் இரண்டாம் பாதியில் ஈடுகட்டவும் விதி இடம் தராது.

படி 4: எந்த நொடியில் ஊதுவது

சரி, கூட்டிய நேரமும் தீர்ந்தது. விதிப்படி பந்து எங்கே இருந்தாலும் ஊதலாம். கார்னரோ ஃப்ரீ கிக்கோ பாக்கி இருந்தாலும் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் 1978 உலகக் கோப்பையில் பிரேசில், ஸ்வீடன் ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1-1 என்று இருந்தபோது பிரேசிலுக்குக் கடைசிக் கார்னர். பந்து காற்றில் வரும்போதே நடுவர் கிளைவ் தாமஸ் விசில் ஊதிவிட்டார். பிரேசிலின் ஜிகோ தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார், கோல் இல்லை. விதியைப் பிடித்து அவரைக் குறைசொல்ல முடியாது. இருந்தும் இன்றுவரை அந்த விசிலைப் பற்றிப் பேசுகிறார்கள். கார்னரை எடுக்கவிட்டால் அது முடியும்வரை பொறுங்கள். விடுவதாக இல்லையென்றால் பந்தை மூலையில் வைப்பதற்கு முன்பே ஊதிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஊதுவதுதான் வம்பு.

பெரும்பாலான நடுவர்கள் பந்து மைதானத்தின் நடுப்பகுதியில் யார் வசமும் இல்லாத நேரம் பார்த்து ஊதுவார்கள். கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து உச்சியில் இருக்கிறதே, அந்த நொடி அருமையானது. இது விதி இல்லை, பழக்கம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓர் அணியின் தாக்குதல் முடியட்டும் என்று பொறுத்தால், பந்தைப் பறித்த எதிரணி அடுத்த நொடியே மறுபக்கம் பாய்ந்துவிடும். அதனால் பந்து பெனால்டி பகுதியைத் தாண்டி வெளியே வந்ததுமே விசிலை வாயில் வையுங்கள்.

படி 5: பெனால்டி மட்டும் விதிவிலக்கு

கடைசி நொடியில் பெனால்டி கொடுத்தால், அது முடியும்வரை பாதியை நீட்டித்தே ஆக வேண்டும். கோல்கீப்பர் மேலோ கம்பத்திலோ பட்டு உள்ளே போனால் கோல். தடுத்த பந்து திரும்பி வந்தால் அதை மறுபடி அடிக்க முடியாது, உதைத்தவரே அடித்தாலும் செல்லாது. உதைக்கும் முன்பே இதை இரு அணிக்கும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அப்புறம் பெரிய சண்டையாகிவிடும்.

படி 6: ஊதிய பிறகு

பாதிக்கு இரண்டு, முடிவுக்கு மூன்று என்று ஊதுவது பழக்கம்தான், எத்தனை முறை என்று விதி சொல்வதில்லை. பாதி முடிந்ததாக அறிவித்து மைதானத்தை விட்டு வெளியேறிய பிறகு முடிவை மாற்ற முடியாது. வீடியோ நடுவர் இருக்கும் ஆட்டங்களில் கதை வேறு. 2018-இல் ஜெர்மன் லீக்கின் மைன்ஸ், ஃப்ரைபுர்க் ஆட்டத்தில் இடைவேளைக்கு உள்ளே போன வீரர்களையே திரும்ப அழைத்து பெனால்டி எடுக்க வைத்தார்கள்.

விசிலைத் தூக்கும் முன் கடிகாரத்தை ஒருமுறை பாருங்கள். 2022 ஆப்பிரிக்கக் கோப்பையில் துனீசியா, மாலி ஆட்டத்தை நடுவர் 85-வது நிமிடத்திலேயே முடித்துவிட்டு, மறுபடி தொடங்கி, 90 ஆவதற்குள் இன்னொரு முறையும் முடித்தார்.

இடைவேளை 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் இரண்டாவது கடிகாரத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.