காண்டாமிருக வண்டை எருக்குழியிலேயே மடக்குவது எப்படி?

தென்னையில் புதிதாக விரிந்த மட்டை, கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் அறுபட்டு நிற்கிறதா? குருத்துக்குள்ளேயே குடைந்துவிட்டது காண்டாமிருக வண்டு. எல்லோரும் மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் எருக்குழிக்குப் போகச் சொல்வேன். வண்டு முட்டையிடுவதும் புழு மாதக்கணக்கில் தின்று கொழுப்பதும் அங்கேதான். அந்தப் புழுவுக்கு எமன், மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை.

முதலில் மண்வெட்டியால் குழியைக் கிளறுங்கள். பழுப்புத் தலையோடு அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களில் கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிவிடுங்கள். கோழி வளர்ப்பவர்களுக்கு இந்த வேலை பாதி மிச்சம்.

அடுத்தது ஈரம். எருவைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்த குழியில் பூஞ்சை முளைக்காது.

இனி கலவை. திரவ மெட்டாரைசியம் 250 மில்லியுடன் தண்ணீர் 750 மில்லி சேர்த்து, குழி முழுவதும் பரவலாகத் தெளியுங்கள். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை இதுதான். தூளாக வாங்கியிருந்தால் பாக்கெட்டில் உள்ள அளவே கணக்கு. வெயில் பட்டால் பூஞ்சையின் வித்துகள் செத்துவிடும். பொழுது சாய்ந்தபின் தெளித்து, மேலே தென்னை ஓலையைப் போட்டு மூடுங்கள்.

தெளிப்பானில் கவனம் வேண்டும். குருத்தழுகலுக்குப் போர்டோ கலவை அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் ஒருமுறை இதற்கும் எடுத்தேன். பூஞ்சையைக் கொல்லும் மருந்தின் மிச்சத்தில் பூஞ்சையை ஊற்றினால் என்ன ஆகும்? ஒரு புழுகூடச் சாகவில்லை. இப்போது இதற்கென்றே ஒரு பூவாளி வைத்திருக்கிறேன்.

வித்து புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே பரவுகிறது. அதனால் மறுநாளே போய்த் தேடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கிளறிப் பாருங்கள். செத்த புழு அழுகி நாறாது, விறைத்துக் கிடக்கும். முதலில் வெள்ளைப் பூசணம், பிறகு அதன்மேல் கரும்பச்சைத் தூள். விரலால் தொட்டால் மாவுபோல் ஒட்டும்.

ஏற்கெனவே மரத்தில் ஏறிவிட்ட வண்டுக்கு இது உதவாது. அதைக் கம்பியால் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

பச்சை பூத்த புழுக்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அத்தனையும் வித்து. நாலைந்தை உதிர்த்து, பக்கத்துக் குழியில் ஈர எருவுக்குள் புதைத்துவிடுங்கள்.