எஸ்எம்பி1 ஐக் கழற்றும்போது விடுகிற பிழைகள்

கொட்டாஞ்சேனையில் ஒரு கணக்காளர் ஒஃபிஸ். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கிருந்த எல்லாக் கொம்பியூட்டரிலும், ஃபைல் பகிர்வதற்கான பழைய முறையான எஸ்எம்பி1 ஐக் கழற்றிவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வெள்ளவத்தைக்கு வந்து படுத்தேன். திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஃபோன். "தம்பி, ஸ்கான் போகுதில்லை. இண்டைக்கு வற் வரி வேலை கிடக்கு, ஒருக்கா வாங்கோ." போய்ப் பார்த்தால் குற்றவாளி மூலையில் நின்ற பழைய ஃபோட்டோகொப்பி மெஷின். அதற்கு எஸ்எம்பி1 தவிர வேறு பாஷை தெரியாது. அவசரத்தில் கழற்றினதைத் திரும்பப் பூட்டிவிட்டு, "பிறகு பார்ப்பம்" என்று வந்துவிட்டேன். அந்தப் பிறகு வர ஏழு மாதம் ஆனது.

எஸ்எம்பி என்பது விண்டோஸ் கொம்பியூட்டர்கள் ஃபோல்டரையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளும் முறை. எஸ்எம்பி1 அதன் முதல் பதிப்பு. அதன் வேர் 1980களின் ஐபிஎம்மில் இருக்கிறது. விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பும், 2012 இல் விண்டோஸ் 8 ஓடு மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டன. ஆனாலும் பழையது போகவில்லை. விண்டோஸில் அதன் சேர்வர் பகுதி, விண்டோஸின் மையமான கேர்னலுக்குள்ளேயே ஓடுகிற ஒரு டிரைவர் என்பதுதான் வில்லங்கம். சாதாரண செயலியில் ஓட்டை விழுந்தால் அந்தச் செயலியோடு போகும். கேர்னலில் விழுந்தால் முழு மெஷினும் அடுத்தவன் கையில். 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அந்த வழியால்தான். பாஸ்வேர்ட் தேவைப்படவில்லை, யாரும் எதையும் கிளிக் செய்யவும் தேவைப்படவில்லை.

அந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் அதே வருடம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. "அப்டேட் போட்டாச்சு, பிறகேன் கழற்றவேணும்?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அப்டேட் அடைத்தது அன்றைக்குத் தெரிந்த ஓட்டைகளை மட்டும். எஸ்எம்பி3 இல் உள்ள குறியாக்கமோ, இணைப்பு தொடங்கும் பேச்சை நடுவில் யாரும் மாற்றினால் பிடிக்கிற வசதியோ எஸ்எம்பி1 இல் இல்லை. எத்தனை அப்டேட் போட்டாலும் வரப்போவதும் இல்லை. றவுட்டரில் எஸ்எம்பி பாவிக்கிற 445ஆம் போர்ட்டை மூடியாயிற்று என்று சொல்வதும் அரைவாசிப் பாதுகாப்புத்தான். வீட்டிலிருந்து யாரோ கொண்டுவரும் ஒரு லப்டொப் போதும், உள்ளே புகுந்து பக்கத்து மெஷின்களுக்குத் தொற்ற.

சரி, என் பிழைக்கு வருவோம். யார் பாவிக்கிறார்கள் என்று பார்க்காமலே கழற்றினேன். விண்டோஸிடமே இதைக் கேட்கலாம். கட்டளைகளைத் தட்டுகிற பவர்ஷெல்லில் எஸ்எம்பி சேர்வர் அமைப்பில் எஸ்எம்பி1 அணுகலைக் கண்காணிக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், எஸ்எம்பி1 இல் வந்து கதவைத் தட்டுகிற ஒவ்வொரு கருவியின் முகவரியும் விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் எஸ்எம்பி சேர்வரின் ஓடிட் லொக்கில் 3000 என்ற இலக்கத்தோடு பதிவாகும். இரண்டு நாள் பார்த்துவிட்டு "ஒருவரும் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். மாதக் கடைசியில் மட்டும் சம்பளப் பட்டியல் எடுக்கிற மெஷின் இருக்கும். புறக்கோட்டைக் கடை என்றால் ஸ்டொக் எடுக்கிற நாளில் மட்டும் போடுகிற பழைய விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டரும் இருக்கலாம். எக்ஸ்பிக்கு எஸ்எம்பி1 ஐ விட்டால் வேறு வழியே கிடையாது. குறைந்தது ஒரு முழு மாதமாவது லொக் ஓடட்டும்.

அடுத்த குழப்பம் திசை. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி1 இன் கீழே கிளையன்ட், சேர்வர் என்று தனித்தனிப் பெட்டிகள் இருக்கும். ஃபோட்டோகொப்பி மெஷின் ஸ்கானை உங்கள் ஃபோல்டருக்கு அனுப்பும்போது உங்கள் கொம்பியூட்டர்தான் சேர்வர். நெட்வேர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பழைய நாஸ் பெட்டியிலிருந்து நீங்கள் ஃபைல் எடுக்கும்போது உங்கள் கொம்பியூட்டர் கிளையன்ட். நாஸுக்காகத் திறக்கப்போய் எல்லாப் பெட்டியிலும் சரி போட்டுவிட்டால், வான்னாகிரை நுழைந்த அதே வாசலையும் சேர்த்துத் திறந்ததாகிவிடும்.

விண்டோஸ் 8.1, 10, 11 இல் விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் நிறுத்தி வைப்பதோடு விடாமல் அந்த வசதியையே கழற்றி, றீஸ்டார்ட் செய்யுங்கள். நிறுத்தி வைத்ததை யாரும் ஒரு நிமிடத்தில் திரும்பப் போட்டுவிடலாம். விண்டோஸ் 7 இல் கழற்ற வழியில்லை, நிறுத்த மட்டுமே முடியும். "பாதுகாப்புக்கு" என்று எஸ்எம்பி2 ஐயும் சேர்த்து நிறுத்துகிறவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டும் மூன்றும் ஒரே அடுக்கில் ஓடுவதால் எஸ்எம்பி3 உம் அதோடு போய்விடும். பிறகு பகிர்ந்த ஒரு ஃபோல்டரும் திறக்காது.

கழற்றியதும் நெட்வேர்க் பக்கத்தில் மற்றக் கொம்பியூட்டர்களின் பெயர்கள் காணாமல் போகலாம். பயப்பட வேண்டாம். அந்தப் பழைய பட்டியல் எஸ்எம்பி1 ஐ நம்பி இருந்தது, பகிர்வு உடையவில்லை. மெஷினின் பெயரை நேரே தட்டினால் திறக்கும். பட்டியலும் வேண்டும் என்றால் ஃபங்ஷன் டிஸ்கவரி என்று தொடங்கும் இரண்டு சேர்விஸ்களையும் தானாகத் தொடங்கும்படி வையுங்கள்.

பழைய மெஷினை என்ன செய்வது? முதலில் மெஷினுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபேர்ம்வேருக்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டாஞ்சேனை மெஷினுக்கு இருந்தது. ஏழு மாதமாக நான்தான் தேடவில்லை. இல்லாவிட்டால் ஸ்கானை மின்னஞ்சலுக்கோ யூஎஸ்பிக்கோ திருப்புங்கள். ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியும் ஓடும், ஆனால் பாஸ்வேர்டை மறைக்காமல் அனுப்பும் என்பதால் அதற்கென்று அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு வேண்டும். லினக்ஸில் எஸ்எம்பி பகிர்வை நடத்தும் சம்பா மென்பொருளில் 2019 இல் வந்த 4.11 முதல் எஸ்எம்பி1 இயல்பாகவே மூடியிருக்கிறது. குறைந்தபட்சப் பதிப்பை என்ரீ1 என்று இறக்கச் சொல்லும் வரியை எங்கிருந்தாவது கொப்பி பண்ணி ஒட்டாதீர்கள். என்ரீ1 என்பதும் எஸ்எம்பி1 தான்.

அண்மையில் இன்னொரு விதமாகவும் இது திரும்பி வருகிறது. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்புக்கு மாறியதும் நாஸ் திறக்கவில்லை என்றால், உடனே எஸ்எம்பி1 ஐப் பூட்டப் போகிறார்கள். அந்தப் பதிப்பின் ப்ரோ போன்ற வகைகள், ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் வைக்கிற எஸ்எம்பி சைனிங்கை இயல்பாகவே கட்டாயமாகக் கேட்கின்றன, பாஸ்வேர்ட் இல்லாமல் கெஸ்ட்டாக நுழைவதையும் ஏற்பதில்லை. பெரும்பாலும் அதுதான் காரணம். நாஸில் பெயரும் பாஸ்வேர்டும் உள்ள ஒரு பாவனையாளரை உருவாக்கி, சைனிங் வசதியைத் திறந்துவிட்டு, அந்தப் பெயரில் நுழைந்து பாருங்கள்.