ஈமாக்ஸில் கோப்பு எந்தச் சாளரத்தில் திறக்க வேண்டும்: புதியவர்களுக்கான செய்முறை

ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தியைப் புதிதாகப் பழகுபவர் ஒரு கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றைத் திறந்தால், புதியது பழையதன் இடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. பழைய கோப்பு தொலைந்துவிடவில்லை. கோப்பின் உரை இருக்கும் இடம் பஃபர்; சாளரம் என்பது அந்தப் பஃபரைப் பார்ப்பதற்கான இடம் மட்டுமே. மற்ற மென்பொருள்களில் நாம் சாளரம் என்று சொல்வதை ஈமாக்ஸ் ஃபிரேம் என்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிது.

கண்ட்ரோல் விசையைப் பிடித்தபடி எக்ஸை அழுத்திவிட்டு, இரண்டையும் விட்ட பின் 3 என்ற எண்ணை அழுத்துங்கள். திரை இடம் வலமாகப் பிரியும். 2 என்றால் மேல் கீழாகப் பிரியும். இரு பாதிகளிலும் முதலில் ஒரே கோப்புதான் தெரியும் என்பதால் திகைக்க வேண்டாம். கண்ட்ரோல் எக்ஸுக்குப் பின் ஓ எழுத்தை அழுத்தி மறுபாதிக்குச் சென்று, கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் எஃப் கொடுத்து வேண்டிய கோப்பைத் திறக்கலாம்.

இவ்வளவையும் ஒரே கட்டளையில் முடிக்க, கண்ட்ரோல் எக்ஸ், 4, எஃப் என்று வரிசையாக அழுத்துங்கள். நான் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வது இதைத்தான். ஆனால் திரையை எப்படிப் பிரிப்பது என்பதை இங்கே ஈமாக்ஸே முடிவு செய்கிறது. ஏற்கெனவே இரு சாளரங்கள் இருந்தால், அவற்றுள் ஒன்றில் குறைந்தது 80 வரிகளோ 160 எழுத்துகள் கொள்ளும் அகலமோ இருக்கும்போதுதான் அதை மேலும் பிரிக்கும். இல்லையெனில் மறுசாளரத்தையே பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே இரு கோப்புகளை அருகருகே பார்க்க விரும்புபவர், முதலில் 3 கொடுத்துத் தாமே பிரித்துவிட்டு, பிறகு இக்கட்டளையைக் கொடுப்பது நல்லது.

கண்ட்ரோல் எக்ஸ், 0 நீங்கள் இருக்கும் சாளரத்தை மூடும். கண்ட்ரோல் எக்ஸ், 1 அதைத் தவிர மற்ற அனைத்தையும் மூடும். விசைப்பலகையில் சுழியமும் ஓ எழுத்தும் அருகருகே இருப்பதால், மறுசாளரத்துக்குப் போக நினைத்து இருக்கும் சாளரத்தையே மூடிவிடுவது அடிக்கடி நேரும். கோப்பு பஃபரில் பத்திரமாக இருக்கிறது. கண்ட்ரோல் எக்ஸ், பி கொடுத்து அதன் பெயரை உள்ளிட்டால் திரும்ப வரும். கோப்பை உண்மையாகவே மூடுவது கண்ட்ரோல் எக்ஸ், கே. சேமிக்காத மாற்றங்கள் இருந்தால் அது உங்களைக் கேட்ட பிறகே மூடும்.

சாளர அமைப்பு குலைந்தால் மீட்க, ஈமாக்ஸுடனேயே வரும் வின்னர் மோடை முன்கூட்டியே இயக்கி வையுங்கள்; ஆல்ட் விசையைப் பிடித்தபடி எக்ஸை அழுத்தி, winner-mode என்று உள்ளிட்டு என்டர் தட்டினால் போதும். அதன்பின் கண்ட்ரோல் சி அழுத்தி இடது அம்புக்குறியைத் தட்டினால் முந்தைய அமைப்பு திரும்பிவிடும்.